417ஐத் திருப்பிக் கொடுங்கள்

செங்கரட்டுப் படிகார ஆலையில் சித்தையன் கரைந்துபோனது ஆடி மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. கரைந்தான் என்றால் கரைந்தான், விழுந்தான் வெந்தான் என்றெல்லாம் கதை கட்ட வேண்டியதில்லை, கொதிக்கும் தொட்டியின் மேல் போட்டிருந்த பலகையில் நின்று, நீளக் கைப்பிடி வைத்த கரண்டியால் சாம்பிள் மொள்ளக் குனிந்தவன், டீயில் போட்ட சர்க்கரைக் கட்டி எப்படிப் போகுமோ அப்படி, ஓரத்திலிருந்து உள்ளாக, அவசரமில்லாமல், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் கரைந்து போனான். கையிலிருந்த கரண்டியும் அவனோடு போயிற்று, பலகையின் மேல் அவனுடைய ரப்பர் செருப்பு இரண்டு மட்டும் ஜோடியாக நின்றன. பார்த்தது பாய்லர்காரர் மாதையன் ஒருவர்தான். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்லுமளவுக்குப் பேசுகிறவரும் இல்லை.

அவனை அங்கே அனுப்பியது அவன் அக்கா அமுதவேணி. ஆலையின் ஆய்வுக்கூடத்துக்குப் பதினேழு வருடமாக அவள்தான் பொறுப்பு, சாம்பிள் எடுக்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை, தம்பி தொட்டிக் கூடத்தில் வேலையில்லாமல் நிலக்கடலையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தான், "டேய், திங்கறதத் தவிர ஒரு வேலையாவது உருப்படியாச் செய். போய் சாம்பிள் எடுத்துட்டு வா" என்றாள். அவன் முன்பல் சந்து வழியாக ரெண்டு சுருதியில் விசிலடித்துக்கொண்டே போனான். இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை. அவளே போனாள். பலகையில் செருப்பைப் பார்த்தாள், "கழட்டிப் போட்டுட்டு எந்தப் பக்கம் போய்த் தொலைஞ்சான்" என்று திட்டினாள், செருப்பை மிதிக்காமல் சுற்றிக் கால் வைத்து, வேறொரு கரண்டியால் தானே மொண்டுகொண்டு வந்தாள்.

அந்தச் சாம்பிளைப் போல் ஒரு சாம்பிளை அவள் பதினேழு வருடத்தில் கண்டதில்லை. கண்ணாடி போலத் தெளிவு, மருந்துக்குக்கூட இரும்பு இல்லை. வழக்கமாக எட்டிப் பார்க்கும் அந்தப் பழுப்புச் சாயல் இல்லவே இல்லை. சுத்தம் 99.6 என்று எழுதினாள். மிச்சத்துக்கு இருந்த கட்டத்தில் 'இதர: 0.4' என்று எழுதினாள். எல்லாப் பேட்ச்சிலும் இதர என்று ஏதாவது இருக்கத்தான் செய்யும், மண், தூசு, தொட்டியின் துரு, அதை யாரும் பெயர் கேட்டு விசாரிப்பதில்லை. பேட்ச் எண் 417, தேறியது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வழக்கப்படி ஒரு சின்னச் சீசாவில் கொஞ்சம் எடுத்து மூடி, எண்ணைக் குறித்து, பழைய சீசாக்கள் வரிசையில் வைத்தாள். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு சீசா மூன்று வருடம் அந்த அலமாரியில் இருக்க வேண்டும், அது ஆலையின் சட்டம்.

மாதையன் நேரே மேனேஜர் தனகோடியிடம் போய் நடந்ததைச் சொன்னார். தனகோடி வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். விடுப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, காயம் என்று ஒன்று இருந்தது, சொல்லாமல் ஓடிப்போனவர் என்று ஒன்று இருந்தது, கரைந்தவர் என்று கட்டம் இல்லை. "பாய்லர் சூட்டுல உங்களுக்குத் தலை சுத்தியிருக்கும். போய் மோர் குடிங்க" என்று அனுப்பிவிட்டு, மூன்றாவது கட்டத்தில் சித்தையன் பெயரை எழுதினார்.

அமுதவேணியும் அதை நம்பினாள். அதுதான் பின்னால் அவளைத் தின்றது. மத்தியானச் சோறு வரைக்கும்கூடக் கோபத்தைத் தூக்கிச் சுமக்கத் தெரியாத பையன், அக்கா திட்டினாளென்று ஊரைவிட்டுப் போவானா என்று அவள் ஒரு தரம்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. வருவான், வந்ததும் வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தாள்.

செங்கரட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே கரட்டில் செம்பாறையை வெட்டிக் கொண்டுவருவார்கள், கீழே ஆலையில் அதைப் பொடித்துக் கந்தகத் திராவகத்தில் போட்டுக் காய்ச்சுவார்கள், செக்கச்செவேலென்று இருந்த பாறை வெள்ளைத் தண்ணியாகி, அந்தத் தண்ணியை ஆளுயரத்துக்கும் மேலான மரப்பீப்பாயில் ஊற்றிப் பத்து நாள் அசையாமல் விட்டால் படிகாரமாக இறுகும், பதினோராம் நாள் இரும்பு வளையத்தைத் தட்டிப் பலகைகளை உரித்தெடுத்தால் பீப்பாய் போன இடத்தில் பீப்பாய் வடிவத்தில் ஒரு பளிங்கு நிற்கும், அதன் அடியில் துளை போட்டு உள்ளே உறையாமல் நிற்கிற தாய்த்தண்ணியை வடித்துவிட்டுச் சம்மட்டியால் உடைத்து மூட்டை கட்டுவார்கள். அந்தப் படிகாரம் இல்லாமல் ஊருக்கு ஒரு நாள் ஓடாது, வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் கண்ணேறுக்குத் தொங்குவது அது, சலூனில் வெட்டுப்பட்ட கன்னத்தில் தேய்ப்பது அது, தண்ணித் தொட்டியில் கலங்கலைத் தெளிய வைப்பதும் அதுதான். அந்த ஆடியில் பார்த்து லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 417 வெளியூர் போகவில்லை. எட்டுப் பீப்பாய், பதினாறு டன், அத்தனையும் செங்கரட்டிலேயே இறங்கியது. ஆடியில் வாசல் படிகாரத்தை மாற்றுவது ஊர் வழக்கம், ஆகவே வீட்டுக்கு வீடு ஏறியது; தண்ணித் தொட்டிக்குப் போனது; சலூன் பச்சையப்பன் ஒரு மூட்டை வாங்கி வைத்துக்கொண்டான்.

ஆவணி முதல் வாரத்தில் காய்கறிக்கார மாராயி, அமுதவேணியைவிட இருபது வயது மூத்தவள், "அக்கா, கத்திரிக்கா பிஞ்சா இருக்குது, எடுத்துக்கறியாக்கா?" என்றாள். அதுவரை ஊருக்கே அவள் லேப்பம்மா. கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று விட்டுவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் "சில்லறை இருக்குதாக்கா" என்றான். தபால்காரர், ரேஷன் கடைக்காரர், ஸ்டேஷன் ஏட்டு, எழுபத்தெட்டு வயசு நாட்டாமை, பல் விழுந்த வாயோடு எல்லாரும் அக்கா, அக்கா. அதுவும் பொதுவாகச் சொல்லுகிற அக்கா இல்லை, கடைசி எழுத்தை இழுத்து, ஏதோ திருடித் தின்றுவிட்டு வந்து நிற்கிற மாதிரி ஒரு அக்கா. அந்த வாரக் கடைசியில் மேனேஜர் தனகோடி ஆய்வுக்கூடத்துக்குள் தலையை நீட்டி, "அக்கா, அந்த ரிப்போர்ட்டு" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு போனார்.

ஊர் மற்ற விஷயங்களிலும் மாறியிருந்தது. சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதினால் வாசல் நிலைகளில் தொங்குகிற படிகாரம் எல்லாம் வேர்த்து, ரெண்டு சுருதியில் மெல்ல விசிலடித்தன, அந்தச் சத்தத்துக்கு மேய்ச்சல் ஆடுகள் தானாக வீடு திரும்பின, பெண்கள் குழந்தைக்கு முகம் துடைப்பது போல முந்தானையால் கல்லைத் துடைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். தென்னையேறப் பயந்தவர்கள் ஏறினார்கள். பதினோரு வருடம் வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் எதற்காகக் கோபம் என்பது மறந்துபோய், ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கினார்கள். ஸ்டேஷனில் ஏட்டுக்கு வேலை இல்லை. ஊரே கடலையைத் தோலோடு தின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை, மழை நன்றாகப் பெய்கிற வருடத்தில் ஏன் பெய்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

அமுதவேணி கேட்டாள். தன் வீட்டு வாசலில் தொங்கியதை அறுத்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். எடை பார்த்தாள், கரைத்தாள், சொட்டுச் சொட்டாகச் சோதித்தாள். 0.4. திரும்பச் செய்தாள். 0.4. பதினாறு டன்னில் நூற்றுக்கு 0.4 என்றால் அறுபத்து நான்கு கிலோ. போன சித்திரையில் ஆலையின் லாரி எடைமேடையில் விளையாட்டுக்கு ஏறிக் குதித்த தம்பியைத் தானே திட்டி இறக்கியதும், முள் அறுபத்து நான்கில் நின்றதும் அவள் நினைவுக்கு வந்தன. நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து பாய்லர் கூடத்துக்குப் போனாள்.

"மாதையண்ணா, அன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"கரைஞ்சிட்டானுங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலைங்களே." மாதையன் கரியை அள்ளிப் போட்டார். "கேப்பீங்கன்னு செருப்ப எடுத்து வெச்சிருக்கேன்."

செருப்பைத் தாளில் சுற்றி வைத்திருந்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அழுதாளா என்றால், இல்லை. தான் மொண்டு, தான் சோதித்து, தான் தேறியது என்று எழுதி, தம்பியைக் கல் கல்லாக ஊருக்கு விட்டவள் தானே என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் சொல்லவில்லை. கரைந்தது எதுவும் இல்லாமல் போவதில்லை, பக்குவம் தெரிந்தால் திரும்ப இறுக வைக்கலாம், இதைத்தானே பதினேழு வருடமாகச் செய்கிறாள்.

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு அதிகாரம் உண்டு. தேறிய பேட்ச்சில் பிற்பாடு பழுது கண்டால் மொத்தத்தையும் திரும்ப வாங்கலாம். மேனேஜரைக் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, சலூன், கோயில் மதில், எல்லா இடத்திலும் ஆலை முத்திரையோடு தாள் ஒட்டியிருந்தது:

'பேட்ச் எண் 417 திரும்பப் பெறப்படுகிறது. காரணம்: கலப்பு. கலந்திருக்கும் பொருள்: ஆள் ஒருவர். வைத்திருப்பவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே எடைக்கு 418 பெற்றுக்கொள்ளவும். அமுதவேணி, ஆய்வுக்கூடம்.'

ஊர் படித்தது. சரிதான், அதுதான் விஷயமா, என்று தலையாட்டியது. ஒருவரும் கொடுக்கவில்லை.

கவுன்சிலர் ராஜாமணி வீடு தேடி வந்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "அக்கா, நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காத. ஊரு இப்பத்தான் நல்லா இருக்குது. எங்க வீட்டுக்காரரு மாமியா பேச்சக் கேட்டு மூஞ்சியத் தூக்கி வெக்கறதில்ல. தெருவுல சண்டை இல்ல. ஊருக்கே ஒரு தம்பி கெடச்சிருக்கறான், உனக்கு நாலாயிரம் வீட்டுல தம்பி. ஒருத்தனா இருந்து என்னத்தக்கா கிழிச்சான்?"

"ஒண்ணும் கிழிக்கல," என்றாள் அமுதவேணி. "சாம்பிள் எடுத்துட்டு வான்னு அனுப்பினேன். இன்னும் வரல. உங்க வாசல்ல தொங்கறத அவுறுங்க, இதோ கத்திரிக்கோல எடுத்துட்டு நானும் வரேன்."

"கண்ணேறு பட்டுருமே?"

"418 தரேன். அதுல ஆள் இல்ல, வெறும் படிகாரம். கண்ணேறுக்கு அது போதும்."

முதல் கல் கவுன்சிலர் வீட்டுக் கல். அங்கிருந்து அவள் தெருத்தெருவாக ஆரம்பித்தாள். காலையில் வேலைக்கு முன்னால் ஒரு தெரு, சாயங்காலம் வேலைக்குப் பின்னால் ஒரு தெரு, மாதையன் கைவண்டி தள்ள, அவள் கதவைத் தட்டி, இல்லை என்றவர்களிடம் நாளைக்கு வருகிறேன் என்றும், நாளைக்கு இல்லை என்றவர்களிடம் நாளன்றைக்கு வருகிறேன் என்றும் சொல்லி, சொன்னபடி வந்து, ஆவணி போய்ப் புரட்டாசி முழுக்கவும் அப்படியே நடந்தாள். சிலர் ஏமாற்றினார்கள், பழைய கல்லை எடுத்து நீட்டினார்கள். அவள் அதை உள்ளங்கையில் வைத்து, "டேய்!" என்று ஒரு அதட்டுப் போடுவாள். 417 என்றால் உடனே குப்பென்று வேர்க்கும். வேர்க்காததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அசல் வருகிற வரைக்கும் வாசலில் நிற்பாள்.

சலூன் பச்சையப்பன்தான் ரொம்பப் பாடுபடுத்தினான். 'இங்கு சித்தையன் கல் போடப்படும்' என்று போர்டு எழுதி வைத்திருந்தான், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, உன் தம்பி கல்லத் தேச்சா அழுவற குழந்த சிரிக்குதுக்கா. கடையில பத்து வருஷமா எனக்குக் கை நடுக்கம், இப்ப இல்ல பாரு." கத்தியை நீட்டிக் காட்டினான், அசையாமல் நின்றது. "நீ வாங்கிட்டுப் போனா திரும்ப நடுங்கும். எவன் கழுத்தயாவது அறுத்தா நீ பொறுப்பா?"

அவள் கொண்டுவந்திருந்த பொட்டலத்தை எடுத்தாள். தாளைப் பிரித்து ரப்பர் செருப்பைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். "ஒம்பதாம் நம்பர். இடது காலு குதிகால் ஓரத்துல தேஞ்சிருக்கும், பாரு. நீ எத்தனை தரம் அவனுக்கு முடி வெட்டியிருப்ப. ஒரு தரமாவது சும்மா உக்காந்தானா?"

பச்சையப்பன் கண்ணாடியைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். "தலைய ஆட்டிக்கிட்டே விசிலடிப்பான், எழவெடுத்தவன்," என்றான். உள்ளே போய் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தான். போர்டையும் கழற்றினான். சொல்லிவிடுகிறேன், அவன் கை நடுக்கம் திரும்பத்தான் வந்தது, அப்புறம் சவரத்தை விட்டுவிட்டுப் படத்துக்குக் கண்ணாடி மாட்டுகிற கடையில் வேலைக்குப் போய்விட்டான்.

கல் வந்தது. ஆனால் தண்ணியாகக் குடித்தவர்கள்? தேய்த்துக்கொண்டவர்கள்? அதற்கும் அவள் வழி யோசித்து வைத்திருந்தாள். சேர்த்த கல்லையெல்லாம் வரவர நீராவியில் கரைத்து, பீப்பாயில் இறுக வைத்து, இறுகிய வெறும் படிகாரத்தை ஒதுக்கி, தாய்த்தண்ணியை மட்டும் வடித்துத் திரும்பக் காய்ச்சி, திரும்ப இறுக வைத்து, எட்டுப் பீப்பாயை நாலாக்கி, நாலை ரெண்டாக்கி, கடைசியில் ஒரே பீப்பாய்த் தாய்த்தண்ணியாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். கலப்பு தாய்த்தண்ணியில் தங்கும், இது எந்தக் கெமிஸ்ட்டுக்கும் தெரியும். முதல் தடவை ஏன் தங்கவில்லை என்று கேட்காதீர்கள். எல்லாரோடும் கலந்து பழகுகிறவன், கல்லோடு போய்விட்டான். அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்தில் படிக்கட்டு வைத்து, ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை, உள்ளே போனதையும் திருப்பிக் கொடுக்க ஊரைக் கூப்பிட்டாள்.

ஊர் வந்தது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த வரிசை ஆலைக் கதவைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, கரட்டடி வரைக்கும் நின்றது. ஒவ்வொருவராகப் படியேறி, பீப்பாய்க்குள் குனிந்து, "அக்கா" என்று கடைசியாக ஒரு தரம் கூப்பிட்டு, அந்தச் சொல்லை உள்ளே விட்டுவிட்டு இறங்கினார்கள்; நாட்டாமை கூப்பிட்டார், ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார், கைக்குழந்தைகள் தாய் இடுப்பிலிருந்து ம்க்கா என்றன, வரப்புத் தகராறு அண்ணன் தம்பி சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே கூப்பிட்டு, இறங்கும்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். இறங்கியவர்கள் எல்லாரும் "வரேங்க லேப்பம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குக் காதில் ஏதோ அடைத்துத் திறந்த மாதிரி இருந்தது. ரெண்டு மாதம் ஊரெல்லாம் கேட்ட குரல், சாயங்காலத்துக்குள் ஒரு பீப்பாய்க்குள் அடங்கிவிட்டது.

இறுக வைக்க விதைக்கல் வேண்டும். நல்ல தெளிவான தண்ணி விதை இல்லாமல் இறுகாது. அலமாரியில் மூன்று வருடம் வைத்திருக்கச் சட்டம் உள்ள 417இன் சீசாவை எடுத்தாள். அடியில் கடுகளவு கல் ஒன்று தானாக விளைந்திருந்தது. தம்பியின் காக்கிச் சட்டையிலிருந்து நூல் உருவி, அதில் கட்டி, பீப்பாயின் நடுவில் தொங்கவிட்டாள்.

பத்து நாள். பதினோராம் நாள் எட்டிப் பார்த்தாள். தண்ணி தண்ணியாகவே இருந்தது. விதைக்கல் கடுகாகவே இருந்தது.

சோதித்தாள். அறுபத்து மூன்று கிலோ எண்ணூறு கிராம். இருநூறு கிராம் குறைந்தது. யாரிடம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, வரிசையில் நிற்காதவர் ஊரில் ஒருவர்தான்.

மேனேஜர் தனகோடி அறையில் கண்ணாடிக்குக் கீழே சவரப் பெட்டி இருந்தது, அதற்குள் தேய்ந்து மெலிந்த ஒரு படிகாரத் துண்டு. "கொடுங்க," என்றாள்.

"இதப் பாரும்மா. கல்லு தர்றதுல எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா தந்தா என்ன அர்த்தம்? அந்தாளு அதுக்குள்ள இருந்தான்னு அர்த்தம். ஓடிப்போனான்னு நான் எழுதியிருக்கறேன். மேலிடத்துக்கும் அனுப்பியாச்சு. எழுதினத மாத்தினா எல்லாத்தையும் கிளறுவாங்க."

"அப்ப தரமாட்டீங்க."

"தரமாட்டேன்."

"சரிங்க," என்று வந்துவிட்டாள்.

அன்றைக்கு 426ஆம் பேட்ச் சாம்பிள் வந்தது. சுத்தமான சாம்பிள். தேறவில்லை, என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், 'முந்தைய பழுது தீரவில்லை'. 427, தேறவில்லை. 428, தேறவில்லை. பொய் எழுதவில்லை அவள். ஆளைக் கரைத்த தொட்டி அதுதான், அந்தக் கணக்கு முடியாமல் அதிலிருந்து வருகிற எதற்கும் அவள் பொறுப்பேற்க மாட்டாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை கதவைத் தாண்ட முடியாது. மூட்டைகள் கூரை தொடுமளவுக்கு அடுக்கின. மிரட்டிப் பார்த்தார் தனகோடி, வேறு ஆளை அழைத்து வந்தார். வந்த ஆள் பீப்பாய்ப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, அது தன்னைப் பார்த்து விசிலடித்தது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினான்.

ஐப்பசி மழை பிடித்தது. கரட்டிலிருந்து செம்மண் கரைந்து ஏரியில் இறங்கியது, தண்ணித் தொட்டியில் தெளிய வைக்கப் படிகாரம் இல்லை, ஊர்க் குழாய்களில் செங்கல் நிறத்தில் தண்ணி வந்தது. அமுதவேணியும் அதைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தாள். கவுன்சிலர் ராஜாமணி குடத்தோடு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லேப்பம்மா வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மேனேஜர் அறை ஜன்னலுக்குக் கீழே போய், குடங்களை வரிசையாக இறக்கி வைத்தார்கள்.

"நாங்க குடுத்துட்டம், சார்," என்றாள் ராஜாமணி. "எம் புருஷன் திரும்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறான். அந்த எழவையும் பொறுத்துக்கிட்டுக் குடுத்துட்டம். நீங்க மட்டும் எதுக்குச் சார் சேத்து வெச்சிருக்கறீங்க?"

தனகோடி ஜன்னலைச் சாத்தினார். சாத்திய பிறகு, தான் இடது தோளால் இடித்துச் சாத்தினதைக் கவனித்தார். அப்படிச் சாத்துகிறவன் ஆலையில் ஒருத்தன்தான் இருந்தான். எத்தனை கதவின் தாழ்ப்பாள் போயிருக்கிறது என்று அவர்தான் அவனுக்கு மெமோ கொடுத்திருக்கிறார்.

மத்தியானம் உணவு வேளையில் பதிவேட்டையும் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பீப்பாய்க் கூடத்துக்கு வந்தார். அமுதவேணி இருந்தாள், மாதையன் இருந்தார்.

"அடிச்சுட்டு என்னன்னு எழுதறது?" என்றார் மேனேஜர்.

"கரைந்தார்னு எழுதுங்க. நடந்தது அதுதானே."

"கட்டமில்லையே."

"கோடு போட்டா கட்டம்."

மாதையன் பென்சில் கொடுத்தார். தனகோடி கோடு போட்டார், எழுதினார், தேதி போட்டுக் கையெழுத்திட்டார். படியேறினார். துண்டைப் பீப்பாயில் போட்டார், அது சத்தமில்லாமல் கரைந்தது. அப்புறம் குனிந்து, தொண்டையைச் செருமி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, "அக்கா," என்றார், அது அவருக்கே போதவில்லை போல, இன்னும் குனிந்து, "அக்காவ்!" என்று கூடம் அதிரக் கூப்பிட்டார். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். திராவக நெடி என்றார். இருக்கலாம்.

அமுதவேணி ஏறினாள். இறுக வேண்டிய தண்ணி இறுகாமல் அடம் பிடித்தால் கண்ணாடிக் குச்சியால் பாத்திரத்தின் உள்பக்கத்தைக் கீறுவது வழக்கம், கீறிய இடத்தில் முதல் மணி பிடிக்கும். பீப்பாய்ப் பலகையில் அழுத்தி ஒரே கீறு கீறினாள். "போதும்டா விளையாட்டு," என்றாள். கீறிய கோட்டில் வெள்ளையாக ஒரு நூல் ஓடியது. அந்த நூலிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் தொங்கிய விதைக்கல் கடுகிலிருந்து மிளகாகி, மிளகிலிருந்து நெல்லியாகி வளர்ந்துகொண்டிருந்தது.

பத்து நாள் யாரும் பீப்பாய்க் கூடத்தில் உரக்கத் தும்மவில்லை. பதினோராம் நாள் காலையில் மாதையன் வளையங்களைத் தட்டிக் கழற்றினார், பலகை ஒவ்வொன்றாக விழுந்தது, பீப்பாய் நின்ற இடத்தில் வெயில் ஊடுருவும் பளிங்கு நின்றது, உள்ளே நிழலாக ஏதோ ஒன்று குனிந்த வாக்கில் இருந்தது. அடியில் துளை போட்டார். தாய்த்தண்ணி ஒரு குடம் அளவுக்கு வடிந்தது. வடிந்து முடிந்ததும் துளை வழியாக ரெண்டு சுருதியில் விசில் வந்தது.

"சம்மட்டிய மெதுவாப் போடுங்க," என்றாள் அமுதவேணி. அவள் சொல்லுவதற்குள் உள்ளிருந்து யாரோ இடது தோளால் ஒரு இடி இடித்தார்கள். பளிங்கு விரிந்தது.

சித்தையன் குனிந்த முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். புருவத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, தட்டிவிட்டுக்கொண்டான். கொஞ்சம் இருமினான், அது நாட்டாமையின் இருமல். மூக்கை உறிஞ்சினான், அது கவுன்சிலர் ராஜாமணி உறிஞ்சுகிற மாதிரி. ஊர் அவனை வைத்திருந்ததற்கு அவனும் ஊரிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறான், அது அப்படித்தான் இருக்கும். கையில் நீளக் கரண்டி, கரண்டி நிறைய, ஒரு சொட்டுச் சிந்தாமல், ஆவி பறக்கும் தண்ணி.

"இந்தாக்கா, சாம்பிள்," என்றான்.

மாதையன் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். அவன் கால் நுழைத்தான்.

"இதுக்கு இவ்வளவு நேரமாடா?" என்றாள் அமுதவேணி. கரண்டியை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே கடலை கேட்டுக்கொண்டு போனான்.

சாம்பிளைச் சோதித்தாள். ஒன்றுக்கு ரெண்டு தரம். பிறகு பழைய பதிவேட்டை எடுத்து, ஆடி பதினொன்றைத் திருப்பி, தேறியது என்று தான் எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்தாள். 'இதர: 0.4' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, தம்பியின் பெயரை முழுசாக எழுதினாள். கீழே, பேட்ச் 417, முழுதும் திரும்பப் பெறப்பட்டது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம்தான் 426ஐ எடுத்துத் தேறியது என்று எழுதினாள். அன்று சாயங்காலம் ஊர்க் குழாயில் தெளிந்த தண்ணி வந்தது, வெறும் தண்ணி.